உன் அத்தையின் நண்டு

அன்புள்ள மகனுக்கு,

சேலம் நகரத்துப் பெருமக்களுக்கும், சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும், என்னை இன்னும் 'பொடியன்' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும் எங்கள் தெருப் பால்காரருக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு தெரிவித்துக்கொள்வது: கடந்த திங்கட்கிழமை, காலைப் பூசைக்குச் சற்று முன்பாக, என் மேலுதட்டில் மீசை அரும்பியது. இடப்பக்கம் முழு மனதோடும் வலப்பக்கம் கொஞ்சம் தயக்கத்தோடும் அரும்பிய அந்த மீசை அன்று மதியம் வரை நல்ல நிலையில் இருந்தது. இப்போது எங்கே என்று கேட்காதே. கடைசியில் சொல்கிறேன்.

மீசை வந்துவிட்டால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். வயதானவர்கள் மகனுக்குப் புத்திமதி எழுதித்தான் ஆகவேண்டும். இதில் எனக்கு ஒரே ஒரு இடைஞ்சல், நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எஸ்.எஸ்.எல்.சி.கூட ஆகவில்லை. ஆனாலும் நீ வரப்போவது உறுதி. உன் தாத்தா, அதாவது என் அப்பா, பஸ் ஸ்டாண்டில் நூறு பேர் நடுவில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி சாபம் கொடுத்துவிட்டார். "உனக்கும் ஒரு மவன் பொறப்பான்டா. நீ என்னையப் பண்றதெல்லாம் அவன் உன்னையத் திருப்பிப் பண்ணுவான். அப்பத் தெரியும் உனக்கு." எங்கள் மாதா கோயில் வாலிபர் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு 'மகனுக்குத் தந்தை எழுதும் கடிதம்' வேண்டும் என்று தெருவிலுள்ள எல்லாத் தந்தைமாரையும் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் எழுதித் தரவில்லை. ஆகவே, தந்தையாகப் போவதாகச் சாபம் பெற்றிருக்கும் நான் எழுதுகிறேன். நீ வளர்ந்து, வேட்டி கட்டி, உனக்கும் ஒரு மீசை வந்த பிறகு இதைப் படித்துக்கொள்.

முதலில் உனக்கு ஒரு பெருமை. உன் அத்தையின் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் உன் அப்பன். தாத்தா நகை செய்தார், பாட்டி பலகாரம் செய்தாள், சாமியார் மந்திரித்தார். அதெல்லாம் சில்லறை வேலை. அசல் வேலையை நான் ஒரு நண்டை வைத்து முடித்தேன்.

உன் அத்தை பிலோமினாவை நீ பார்க்கும்போது அவள் நாகப்பட்டினத்துக்காரியாக, மீன் குழம்பும் கையுமாக இருப்பாள். நான் சொல்வது அதற்கு முந்தைய பிலோமியை. என்னைவிட நான்கு வயது மூத்தவள். நான் செய்யும் குறும்பில் பாதி அவளுடைய யோசனை. அடி மட்டும் முழுக்க என்னுடையது. கோயில் உபதேசியார் வீட்டுக் கோழிக்குக் காவி பூசியது நான். எந்தச் செம்பில் கரைத்தால் அம்மா தேடமாட்டாள் என்று சொன்னது அவள். வீட்டில் என் பேச்சுக்கு முதலில் சிரிக்கிற ஆள் அவள்தான். அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது சிரிக்கிற பேச்சு என்றே தெரியும். அப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. உன் தாத்தா சேலத்துக்கும் திருச்சிக்கும் பஸ் ஓட்டுகிறவர். வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்தமாட்டார், ஆனால் மகள் விஷயத்தில் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருந்தார். "உன்ற இஷ்டந்தான் சாமி. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போறப்ப அவுங்களும் வாராங்க. பாரு. ஊட்டுக்கு வந்து மறு ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அவளுக்குப் பையனைப் பற்றிப் பயமில்லை, ஊரைப் பற்றித்தான் பயம். ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கியே பழகியவள். "எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுமே இல்லாத ஊர்ல எப்புடிடா இருக்கறது?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அவள் போகவே கூடாது. ஆகவே அந்தப் பயம் நன்றாக வளர நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் கடற்கரை மண்ணுக்குள் நண்டுகள் குடியிருக்கும், பொழுது சாய்ந்தால் கண்ணைக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பி வரும், பெண்கள் கொலுசைக் கண்டால் விடாது என்று சொல்லி வைத்தேன். கடைசியில் சொன்னது மட்டும் என் சொந்தச் சரக்கு.

திருச்சி வரை பஸ், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயில், பிறகு மறுபடி பஸ் என்று வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் இரண்டு குடும்பமும் கடற்கரையில் சந்திப்பதாக ஏற்பாடு. அம்மாக்கள் இருவரும் யாருக்கு யார் உறவு என்று ஆராயத் தொடங்கியதும் நான் அக்காவை மெல்ல நண்டு வளைகள் இருந்த பக்கமாக நடத்திக் கொண்டுபோனேன். என் கணக்குப்படி அவள் ஒரு கத்துக் கத்தியிருக்க வேண்டும். வெளுத்த மண் நிறத்திலேயே ஒரு நண்டு, மண்ணில் ஒரு துண்டுக்குக் கால் முளைத்த மாதிரி, எங்கள் முன்னால் ஓடி ஒரு வளைக்குள் இறங்கியது. அவள் கத்தவில்லை. "அட" என்று சொல்லிவிட்டு, புதுச் சேலையோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வளையின் வாயில் முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு நண்டு வந்தது. ஒரு பக்கத்துக் கால்களில் மண்ணை அணைத்துக்கொண்டு வந்து, இரண்டடி தள்ளி விசிறிவிட்டு, திரும்ப உள்ளே போனது. கூட்டிப் பெருக்கிக் குப்பையை வாசலுக்கு வெளியே கொட்டுகிற மாதிரி. "ஈர மண்ணு பாரு. மேல இருக்கறது காஞ்ச மண்ணு. கீழ ஈரம் வர்ற வரைக்கும் தோண்டுது" என்றாள். பெரிய நண்டுகளின் வளைகள் கடலைவிட்டுத் தள்ளி மேட்டில் இருப்பதையும், பொடி நண்டுகளின் வளைகள் தண்ணீருக்கு அருகில் இருப்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். இன்னொன்றும் சொன்னாள். எந்த நண்டும் கடலுக்குள் போகவில்லை. அலை ஏறிவந்து திரும்பும் இடத்தில் போய் ஈர மணலில் அடிவயிற்றைப் பதித்துச் சற்று உட்கார்ந்தது. பெரிய அலை வந்தால் மேட்டுக்கு ஓடியது. "கடல் வேணும். ஆனா மேல விழக்கூடாது" என்றாள்.

அப்போது அந்தப் பையன், உன் மாமா, டெரிலின் சட்டையோடு அங்கே வந்தார். அக்கா தலையை நிமிர்த்தாமலேயே, "இதுக்கு உங்க ஊர்ல என்னங்க பேரு?" என்றாள். கடற்கரைக்காரர், பெரிய பிரசங்கம் நடத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நண்டுன்னுதாங்க சொல்லுவோம். சின்ன வயசுலேர்ந்து மிதிக்காம தாண்டிப் போயிருக்கேன், நின்னு பாத்ததில்லைங்க" என்றார். பிறகு, மரியாதையான தூரத்தில், அவரும் மணலில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். இருட்டும் வரை இரண்டு பேரும் அந்த வளையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் நண்டு பார்த்துவிட்டுப் போனார். எதையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்க இதுவரை நான் ஒருவன்தான் இருந்தேன்.

மறுநாள் காலை நான் ஒரு நண்டைப் பிடித்தேன். இதில் எனக்குத் தேர்ச்சி உண்டு. ராசிபுரத்துப் பக்கம் என் சிநேகிதன் பழனிசாமி வயலில் வரப்பு வளைகளில் கைவிட்டு வயல் நண்டு பிடித்து வளர்ந்தவன் நான். வயல் நண்டு சோம்பேறி. வளைக்குள் பதுங்கிக் கிடக்கும், விரலைக் கடித்தாலும் வீட்டைவிட்டு ஓடாது. கடற்கரை நண்டோ கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகிற ஜாதி. ஈரத் துண்டை வீசித்தான் அமுக்க முடிந்தது. அம்மா முறுக்கு கொண்டுவந்த பிஸ்கட் டின்னில் பாதிக்கு ஈர மணல் போட்டு அதில் விட்டேன். ரயிலில் அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். அது மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தது. "டேய், ஒரு பந்தயம். இது நம்மூர்ல ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொழச்சிருந்துச்சுன்னா, நான் அந்தூர்ல பொழைப்பேன். சரிதான?" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. கடல் நண்டு சேலத்தில் பிழைக்குமா? அக்கா நம் வீட்டில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதற்கு மேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். டின்னில் மணல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் திடீரென்று அந்த நண்டின் மேல் இரக்கம் வந்துவிட்டது. பந்தயத்தில் அது தோற்க வேண்டும் என்று விரும்பியவன்தான், ஆனால் தாகத்தில் தோற்கக் கூடாது. கிணற்றிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் இறைத்தேன். சமையல்கட்டில் உப்பை அள்ளியபோது அம்மா பாதித் தூக்கத்தில், "ஏன்டா சாமி, உப்பை எங்க கொண்டு போற?" என்றாள். "கடல் பண்றேனுங்கம்மா" என்றேன். உப்பைக் கரைத்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, கடல் சரியாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டு, நண்டை அதற்குள் விட்டேன். அது விளிம்பில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. குளிக்கிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். வயல் நண்டைத் தண்ணீரில் விட்டால் சுகமாகக் கிடக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் நண்டென்றால் தண்ணீர்ப் பிராணி என்றுதான் சொல்வார்கள்.

விடிந்து பார்த்தால் நண்டு வாளியின் அடியில் கால்களைப் பரப்பிக் கிடந்தது. நீரில் மூழ்கி இறந்த நண்டு, மகனே. அடுத்த வாரம் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு தடித்த விலங்கியல் புத்தகத்தைப் புரட்டி அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். என்னை அங்கே கண்ட நூலகருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த நண்டுக்கு மீனைப் போலச் செவுள்தான், ஆனால் அது காற்றைத்தான் சுவாசிக்கிறது. செவுள் காய்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஈரம் போதும். கால்களின் சந்தில் இருக்கும் ரோமத்தை ஈர மணலில் பதித்து அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்காகத்தான் வளையை ஈரம் வரும் ஆழம் வரை சாய்வாகத் தோண்டுகிறது. வெயில் ஏறினால் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. தனக்கு வேண்டிய கடலைத் தன் ஓட்டுக்குள் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு திரிகிற பிராணி. அதை முழுக் கடலுக்குள் அமுக்கினால் மூச்சு முட்டிவிடும். அக்கா சொன்ன அதே வார்த்தை, கடல் வேணும், மேல விழக்கூடாது. அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. தாய் நண்டு முட்டைகளை வயிற்றில் சுமந்துபோய் அலை ஓரத்தில் விடுமாம். குஞ்சுகள் கண்காணாத கடலில் மிதந்து திரிந்து, உருவம் மாறி, எங்கோ ஒரு கரையில் ஏறி வளை தோண்டுமாம். அப்படியென்றால் அந்தக் கடற்கரையில் குடியிருக்கும் ஒரு நண்டும் அங்கேயே பிறந்து வளர்ந்ததல்ல. எல்லாம் எங்கிருந்தோ வந்து, ஈரம் இருக்கும் இடம் பார்த்துத் தோண்டிக்கொண்டவை. இதை நான் முன்பே படித்திருந்தால் அக்காவைப் பயமுறுத்த அந்த நண்டைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.

அன்று காலை வாளியைப் பார்த்ததும் என் முதல் நினைப்பு, ஜெயித்துவிட்டேன் என்பதுதான். உன்னிடம் மறைப்பானேன். செத்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு, எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று வசனம் யோசித்தபடி கொல்லைக் கதவுக்கு வந்தேன். அங்கே அக்கா உள்ளங்கையில் பல்பொடியோடு நின்றிருந்தாள். மலையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "இருக்கா?" என்றாள். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குப் போக ஆசை என்று எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், அவர்கள் முகம் விழுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவள் முகம் விழுவதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இருக்குக்கா. மண்ணுக்குள்ள போயிருச்சு" என்றேன்.

அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் பழனிசாமியிடம் ஒரு வயல் நண்டு கேட்டேன். அவன், "எதுக்குடா?" என்றான். "எங்க அக்கா கல்யாணத்துக்கு" என்றேன். "விருந்துக்கு ஒண்ணு பத்துமா?" என்று கேட்டானே தவிர, மறுநாள் தூக்குப்போசிப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். கரும்பழுப்பு நிறம், குட்டைக் கண், எருமை மாதிரி மந்தம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் பொடித்துக் கஞ்சியில் குழைத்து அதற்கு வெள்ளை பூசினேன். டின்னில் மணலோடு சேற்றையும் கலந்து விட்டேன். ஈரம் பட்டால் பூச்சு கரையும், ஈரமில்லாவிட்டால் நண்டு சாகும். ஆகவே காலைதோறும் எழுந்து மறு பூச்சு. அக்காவும் காலைதோறும் வந்து, "இருக்கா?" என்பாள். "இருக்கு" என்பேன். ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா, கண்ணு சின்னதாயிருச்சு?" என்றாள். "நம்மூர்ல பாக்கறதுக்கு அவ்வளவு ஒண்ணும் இல்லீல்ல, சுருக்கிக்கிச்சு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தாத்தா, "பிலோமி சரின்னுட்டா. காகிதம் போட்டர்றேன்" என்று அறிவித்தார். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், கடந்த திங்கட்கிழமை காலைப் பூசையில் தாலி ஏறியது. வயல் நண்டைப் பழனிசாமியின் வரப்பிலேயே திரும்ப விட்டுவிட்டேன். பூச்சு கரையும் வரை ராசிபுரத்துப் பக்கம் அது ஒன்றுதான் வெள்ளைக்கார நண்டு. பார், மகனே. சாக்பீஸும் கஞ்சியும் கொண்டு ஒரு கல்யாணத்தை முடித்தவன் உன் அப்பன். இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

ஆனால் திங்கட்கிழமை மதியம் ஒன்று நடந்துவிட்டது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பும் பஸ்ஸைத் தானே ஓட்டுவதாகத் தாத்தா டூட்டி மாற்றிக்கொண்டிருந்தார். நேரம் தவறினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பஸ் கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளையின் ஒரு செருப்பைக் காணவில்லை. தேடினார்கள், தேடினார்கள். என் சட்டைக்குள் அது இருந்தது. எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் தாமதமாகட்டும் என்றுதான் இருக்க வேண்டும். தாத்தா ஹாரனை அடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். மேலே எழுதிய சாபம் அப்போது கிடைத்ததுதான். செருப்பைக் கொடுக்கப் படிக்கட்டருகே போனபோது அக்கா முதல் படியில் நின்று குனிந்தாள்.

"டேய், அந்த வாளிய உனக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். தண்ணி மொள்ள வந்தேன். செத்துக் கெடந்துச்சு."

செருப்பை நீட்டியபடியே கேட்டேன்: "அப்புறம் பந்தயம்?"

"அதத் தண்ணிக்குள்ள போட்டே, செத்துச்சு. என்னைய என்ன கடலுக்குள்ளயா கட்டிக் குடுக்கறாங்க? மண்ணு மேலதான குடி போறேன். அப்பா மொத டிரிப்புக்குக் கெளம்பறதுக்குள்ள சரின்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னேன்."

"அப்ப எதுக்கு நித்தமும் வந்து இருக்கா இருக்கான்னு கேட்ட?"

"செத்துருச்சுன்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன். நீ இருக்குன்னுட்ட. அப்புறம் அத நித்தமும் உன்ற வாயால கேக்கோணும்போல இருந்துச்சு. அந்தக் குட்டைக் கண்ணனுக்கு நீ பூச்சு பூசறத சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் கொல்லைக்கே வருவேன்."

ஆக, மகனே, அந்தக் கல்யாணத்தில் நான் முடித்தது ஒன்றுமில்லை. முடிந்த காரியத்துக்கு ஒரு வாரம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடித்தபோது பஸ் ஸ்டாண்டுப் புழுதி என் கண்ணில் விழுந்துவிட்டது. இரண்டு கண்ணிலும், நிறைய. அவள் கல்யாண முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு முந்தானையைப் பார்த்தாள், கறுப்பாக இருந்தது. "என்ற கண்ணு மை டப்பாவ எடுத்தது நீதானா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அவள் சிரித்த பிறகு பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா கியரைப் போட்டார்.

என் மீசை எங்கே என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? ராசிபுரம், நாமக்கல் தாண்டி, திருச்சியில் ரயிலேறி, அவள் முந்தானையோடு நாகப்பட்டினம் போய்விட்டது.

இப்படிக்கு,
மீசை அரும்பாத உன் அப்பா